எடை குறைந்த மடிக்கணினியை வீட்டில் மேசைக்கணினியாகப் பயன்படுத்துவது எப்படி?

வெளியே எடுத்துச் செல்வதற்காக வாங்கிய மெல்லிய மடிக்கணினி நாளடைவில் வீட்டு மேசையை விட்டு நகராமலே போய்விட்டால், அதையே பெரிய திரை, தனி விசைப்பலகை, மவுஸ் ஆகியவற்றோடு இணைத்து மேசைக்கணினியாக வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றுவது இயல்பு. குனிந்தே வேலை செய்து கழுத்து வலி வந்த பிறகு நானும் அந்த முடிவுக்கு வந்தேன். ஒரு விடுமுறை நாளில் முடிந்திருக்க வேண்டிய வேலை எனக்கு ஏறத்தாழ இரண்டு மாதம் பிடித்தது. தேவையில்லாத ஹப் (ஒரு செருகுதுளையைப் பலவாக்கித் தரும் சிறு கருவி) ஒன்றும் பயன்படாத கேபிள் ஒன்றும் வாங்கினேன். வாங்கிய பொருள்களில் குறை எதுவும் இல்லை. வாங்கிய வரிசைதான் தவறு. முதலில் ஹப், அடுத்து மானிட்டர், எல்லாம் வந்து சேர்ந்த பிறகு மடிக்கணினியின் தொழில்நுட்ப விவரத்தாள் என்று தலைகீழாகப் போனேன். கீழே உள்ள படிகள் அந்த வரிசையை நேராக்கி எழுதப்பட்டவை. முதல் மூன்று படிகளுக்குப் பணம் எதுவும் செலவாகாது என்பதால் அவற்றை முடிக்கும் வரை எதையும் வாங்காதீர்கள்.

1. கணினி இந்த வேலைக்குத் தாங்குமா என்று பாருங்கள்

எழுத்து வேலை, கணக்குத் தாள்கள், இணைய உலாவல், காணொளி அழைப்பு, நிரல் எழுதுதல், புகைப்படங்களைத் திருத்துதல் ஆகியவற்றுக்கு எடை குறைந்த மடிக்கணினி போதும். மணிக்கணக்கில் காணொளித் தொகுப்பு செய்பவர்களுக்கும் கனமான விளையாட்டுகளை ஆடுபவர்களுக்கும் இது ஏற்றதன்று. மெல்லிய உடலுக்குள் வெப்பம் வெளியேற இடம் குறைவு என்பதால், நீண்ட நேரம் முழு வேகத்தில் ஓடும்போது செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். விசிறியே இல்லாத மாடல்களில் இது இன்னும் விரைவாக நிகழும்.

அடுத்துப் பார்க்க வேண்டியது ரேம் எனப்படும் தற்காலிக நினைவகம். எடை குறைந்த மாடல்கள் பலவற்றில் ரேம் தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டிருப்பதால் பின்னால் கூட்ட முடியாது. தனி கிராபிக்ஸ் அட்டை இல்லாத கணினியில் திரைக்கான நினைவகமும் அதே ரேமிலிருந்துதான் எடுத்துக்கொள்ளப்படுகிறது. 8 ஜிபி இருந்தால் சிக்கனமாகப் பயன்படுத்தலாம். 16 ஜிபி இருந்தால் கவலையில்லை. ஒரு மாலை முழுவதும் வழக்கமான வேலைகளை எல்லாம் திறந்து வைத்துக்கொண்டு விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் நினைவகப் பயன்பாட்டைக் கவனியுங்கள். அது எப்போதும் 90 சதவீதத்தை ஒட்டியே நின்றால், பெரிய திரை வாங்குவதால் வேகம் கூடப்போவதில்லை. அந்தப் பணத்தை வேறு கணினிக்குச் சேமிப்பது நல்லது.

பழைய மடிக்கணினியாக இருந்தால் இயங்குதளத்தையும் பாருங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு மாற இடம் தராத கணினியை இன்னும் பல ஆண்டு வீட்டின் முதன்மைக் கணினியாக வைத்திருக்க நினைத்தால், இலவச இயங்குதளமான லினக்ஸுக்கு மாறும் எண்ணம் உண்டா என்பதை இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள்.

2. ஆவணங்களைத் திரட்டுங்கள்

மூன்று ஆவணங்கள் தேவை: கணினி வாங்கிய ரசீது, உத்தரவாத அட்டை, தயாரிப்பு நிறுவனத்தின் இணையதளத்தில் கிடைக்கும் தொழில்நுட்ப விவரத்தாள். முதல் இரண்டும் பேட்டரி அல்லது போர்ட் (கேபிளைச் செருகும் துளை) பழுதானால் உதவும். மூன்றாவதுதான் இந்த வேலை முழுவதற்கும் அடிப்படை.

விவரத்தாளைத் தேடும்போது விளம்பரப் பெயரை மட்டும் இட்டுத் தேடாதீர்கள். ஒரே பெயரில் வெவ்வேறு ஆண்டுகளில், வெவ்வேறு செயலிகளோடு வந்த மாடல்களில் போர்ட்களின் திறன் வேறுபடும். கணினியின் அடிப்பக்கத்தில் அச்சிடப்பட்டிருக்கும் முழு மாடல் எண்ணை இட்டுத் தேடினால்தான் உங்கள் கணினிக்குரிய தாள் கிடைக்கும். அதிலிருந்து நான்கு விவரங்களை ஒரு காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள்: ஒவ்வொரு போர்ட்டும் என்னென்ன செய்யும், எத்தனை வெளித்திரைகளை இணைக்கலாம், அவை ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சத் தெளிவுத்திறனும் புதுப்பிப்பு வேகமும் (விநாடிக்கு எத்தனை முறை படம் மாறும் என்பது, ஹெர்ட்ஸ் கணக்கில்) எவ்வளவு, சார்ஜ் செய்ய எத்தனை வாட் வேண்டும்.

கடைசி விவரம் தாளில் இல்லையென்றால் சார்ஜரைப் பாருங்கள். அதன் மீது அச்சிடப்பட்டிருக்கும் வெளியீட்டு வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட் கிடைக்கும். 20 வோல்ட், 3.25 ஆம்பியர் என்று இருந்தால் அது 65 வாட் சார்ஜர்.

3. போர்ட்களைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

நான் இரண்டு மாதத்தை இழந்த இடம் இது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

டைப்-சி என்பது போர்ட்டின் வடிவத்துக்கான பெயர் மட்டுமே. அதற்குள் என்ன ஓடுகிறது என்பதை அந்தப் பெயர் சொல்லாது. ஒரு டைப்-சி போர்ட் தரவை மட்டும் கடத்தலாம். தரவோடு மின்சாரத்தையும் ஏற்கலாம். டிஸ்ப்ளேபோர்ட் (திரைக்குப் படம் அனுப்பும் ஒரு இணைப்பு முறை) மாற்றுமுறை என்ற வசதி இருந்தால் படத்தையும் அனுப்பலாம். தண்டர்போல்ட் என்ற அதிவேக இணைப்பாக இருந்தால் தரவையும் படத்தையும் விநாடிக்கு 40 ஜிகாபிட் வேகத்திலோ அதற்கு மேலோ அனுப்பலாம். போர்ட்டின் அருகே மின்னல் குறி இருந்தால் அது பெரும்பாலும் தண்டர்போல்ட். ஆங்கில 'டி' எழுத்துக்குள் 'பி' எழுத்து அமைந்த குறி இருந்தால் படம் வரும். குறி எதுவும் இல்லாவிட்டால் வசதியும் இல்லை என்று பொருளாகாது, விவரத்தாளே முடிவானது.

என் மடிக்கணினியில் இரண்டு டைப்-சி போர்ட்கள் உள்ளன. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். இடப்பக்கத்துப் போர்ட் தரவை மட்டும் கடத்தும். வலப்பக்கத்துப் போர்ட் படத்தையும் அனுப்பும். நான் வாங்கிய ஹப்பை இடப்பக்கம் செருகினேன். படம் வரவில்லை. ஹப் பழுதென்று முடிவு செய்து, திருப்பி அனுப்பும் காலம் கடந்துவிட்டதால் வேறொன்று வாங்கினேன். தற்செயலாக அதை வலப்பக்கம் செருகியபோது படம் வந்தது. முதல் ஹப்பில் பழுதே இல்லை என்பது அப்போதும் எனக்குத் தெரியவில்லை.

படம் வந்த பிறகும் தொல்லை தீரவில்லை. மவுஸை நகர்த்தினால் அம்புக்குறி விட்டுவிட்டு நகர்ந்தது; பக்கத்தை உருட்டினால் எழுத்துகள் அதிர்ந்தன. 4கே (3840 × 2160 புள்ளிகள்) திரை 60 ஹெர்ட்ஸில் ஓடாமல் 30 ஹெர்ட்ஸில் ஓடிக்கொண்டிருந்ததே காரணம். அதிவேகத் தகவலைக் கொண்டு செல்ல டைப்-சி இணைப்பில் நான்கு தடங்கள் உண்டு. மானிட்டரை நேரடியாக இணைத்தால் நான்கும் படத்துக்கே கிடைக்கும். வேகமான யூஎஸ்பி போர்ட்கள் கொண்ட சாதாரண ஹப்பை இடையில் வைத்தால் இரண்டு தடங்கள் தரவுக்குப் போய்விடும். கணினியின் டிஸ்ப்ளேபோர்ட் 1.2 பதிப்பாக இருந்தால் எஞ்சிய இரண்டு தடங்களில் 4கே படம் 30 ஹெர்ட்ஸில்தான் செல்லும். 1.4 பதிப்பாக இருந்து, ஹப்பும் அதைத் தாங்கினால் அதே இரண்டு தடங்களில் 60 ஹெர்ட்ஸ் கிடைக்கும். ஒரே ஹப் ஒருவருக்கு நன்றாக வேலை செய்வதும் மற்றொருவருக்குத் தொல்லை தருவதும் பெரும்பாலும் இதனால்தான். ஆகவே போர்ட்டில் படம் வருமா என்பதோடு நிறுத்தாமல் டிஸ்ப்ளேபோர்ட்டின் எந்தப் பதிப்பு என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

எச்டிஎம்ஐ போர்ட் இருப்பவர்களும் பதிப்பைப் பார்க்க வேண்டும். எச்டிஎம்ஐ 1.4 என்றால் 4கே படம் 30 ஹெர்ட்ஸைத் தாண்டாது, 2.0 என்றால் 60 ஹெர்ட்ஸ் வரும்.

இரண்டு வெளித்திரை வேண்டும் என்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. ஆப்பிளின் மேக்புக் ஏர் வரிசையில் எம்1, எம்2 சில்லுகள் கொண்ட மாடல்கள் ஒரே ஒரு வெளித்திரையைத்தான் நேரடியாகத் தாங்கும். எம்3 மாடலில் மூடியை மூடி வைத்தால் இரண்டு திரைகளை இணைக்கலாம். எம்4 மாடலில் மூடி திறந்திருந்தாலும் இரண்டை இணைக்கலாம். மேலும், ஒரே டைப்-சி போர்ட்டிலிருந்து படத்தை இரண்டாகப் பிரித்துத் தரும் ஹப்கள் விண்டோஸில் இரண்டு தனித் திரைகளைத் தரும். மேக்கில் இரண்டு திரைகளிலும் ஒரே படத்தைத்தான் காட்டும்.

4. மானிட்டரைத் தேர்ந்தெடுங்கள்

மொத்தச் செலவில் பெரும்பங்கு மானிட்டருக்குப் போகும், அது நியாயமானதே. இந்தக் கணினியைக் கைவிட்ட பிறகும் மானிட்டர் அடுத்த கணினிக்கு உதவும்.

24 இன்ச் திரைக்கு 1920 × 1080 புள்ளிகள் போதும். அதில் ஒரு இன்ச்சுக்கு ஏறத்தாழ 92 புள்ளிகள் அமையும். அதே தெளிவுத்திறனை 27 இன்ச்சில் வாங்கினால் எழுத்தின் விளிம்புகள் சொரசொரப்பாகத் தெரியும். தமிழ் எழுத்துகளில் வளைவுகளும் சுழிகளும் அதிகம் என்பதால் நீண்ட நேரம் தமிழ் படிப்பவர்களுக்கு இந்தக் குறை விரைவில் கண்ணில் படும். 27 இன்ச்சுக்கு 2560 × 1440 பொருத்தமானது. 4கே திரையில் எழுத்துகள் அச்சிட்டதைப் போலத் தெளிவாக இருக்கும். ஆனால் மூன்றாம் படியில் நீங்கள் எழுதிக்கொண்ட விவரம் அதற்கு 60 ஹெர்ட்ஸ் தருமானால் மட்டுமே அதை வாங்குங்கள். 30 ஹெர்ட்ஸில் ஓடும் 4கே திரையைவிட 60 ஹெர்ட்ஸில் ஓடும் 1440 திரை எவ்வளவோ மேல்.

உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் தாங்கி உள்ள மானிட்டரைத் தேடுங்கள். திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்திலோ சற்றுக் கீழேயோ இருக்க வேண்டும். திரைக்கும் உங்களுக்கும் இடையே ஒரு கை நீளம் இருக்க வேண்டும். தாங்கியை நகர்த்த முடியாத மானிட்டர் விலை குறைவாகக் கிடைத்தால், பின்புறம் வீசா துளைகள் (தனித் தாங்கியைத் திருகிப் பொருத்துவதற்கானவை) உள்ளனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு தனித் தாங்கி பொருத்திக்கொள்ளலாம்.

டைப்-சி வழியாகப் படத்தை வாங்கிக்கொண்டு அதே கேபிளில் மடிக்கணினிக்கு மின்சாரமும் தரும் மானிட்டர்கள் உண்டு. விலை கூடுதல். எனினும் அவற்றில் யூஎஸ்பி போர்ட்களும், சிலவற்றில் இணையக் கேபிளுக்கான போர்ட்டும் இருப்பதால் தனி ஹப் தேவைப்படாமல் போகலாம். உங்கள் கணினியின் டைப்-சி போர்ட் படம், மின்சாரம் இரண்டையும் தாங்கினால், ஹப்பின் விலையையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். நான் மீண்டும் தொடங்கினால் இவ்வழியையே தேர்வேன்.

வீட்டிலுள்ள தொலைக்காட்சியை மானிட்டராக்க நினைப்பவர்கள் முதலில் அதில் ஒரு பக்கம் தமிழ் உரையைத் திறந்து படித்துப் பாருங்கள். வண்ணத் தகவலைக் குறைத்துக் காட்டும் அமைப்பில் ஓடும்போது எழுத்துகள் மங்கித் தெரியும். படத்தின் ஓரங்கள் வெட்டுப்படுவதும் உண்டு. இரண்டையும் தொலைக்காட்சியின் அமைப்புகளில் பெரும்பாலும் சரிசெய்யலாம்.

5. ஹப், கேபிள் இரண்டையும் மானிட்டருக்குப் பிறகு வாங்குங்கள்

விசைப்பலகை, மவுஸ், வெளி வன்தட்டு, இணையக் கேபிள் என்று எத்தனை பொருள்களைச் செருகப்போகிறீர்கள் என்பதை எண்ணிப் பார்த்து, அதற்கு ஒரு போர்ட் கூடுதலாக உள்ள ஹப்பை வாங்குங்கள். 'எல்லாம் உள்ளது' என்ற விளம்பரத்தை நம்பாமல் அதன் எச்டிஎம்ஐ வெளியீட்டுக்கு நேரே எத்தனை ஹெர்ட்ஸ் எழுதியிருக்கிறது என்று பாருங்கள். 4கே என்று மட்டும் எழுதி ஹெர்ட்ஸைக் குறிப்பிடாமல் விட்டிருந்தால் அது 30 என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஹப் வழியாகச் சார்ஜ் செய்யும்போது அது தன் பங்காக ஓரளவு மின்சாரத்தை எடுத்துக்கொள்ளும். 45 வாட் சார்ஜரை ஹப்பில் செருகி 45 வாட் கேட்கும் கணினியை இணைத்தால், கணினிக்கு வந்து சேர்வது அதைவிடக் குறைவாக இருக்கும். வேலை மிகும்போது, மின்சாரத்தில் செருகியிருந்தும் பேட்டரி மெல்லக் குறையும். சார்ஜரின் திறன் தேவையைவிட 20 வாட் கூடுதலாக இருந்தால் இந்தத் தொல்லை வராது.

கேபிள்களும் ஏமாற்றும். கைபேசியோடு வரும் டைப்-சி கேபிள்கள் பல சார்ஜ் செய்வதற்கானவை. அவற்றில் தரவு 480 மெகாபிட் வேகத்தில்தான் செல்லும், படம் செல்லாது. நான் வாங்கி வீணாக்கிய கேபிள் அப்படிப்பட்டதுதான். 60 வாட்டுக்கு மேல் மின்சாரம் செல்ல வேண்டுமானால் 5 ஆம்பியர் தாங்கும் கேபிள் வேண்டும். கேபிளின் உறையில் வேகமும் வாட்டும் அச்சிடப்பட்டிருந்தால் மட்டுமே வாங்குங்கள்.

போர்ட்டில் படம் அனுப்பும் வசதியே இல்லாதவர்களுக்கும், இரண்டாவது திரைக்கு இடம் தராத கணினி உடையவர்களுக்கும் டிஸ்ப்ளேலிங்க் தொழில்நுட்பம் கொண்ட டாக்குகள் (ஹப் போன்ற பெரிய இணைப்புப் பெட்டிகள்) ஒரு வழி. அவை படத்தைச் சுருக்கிச் சாதாரண யூஎஸ்பி வழியாக அனுப்புகின்றன. அதற்குரிய மென்பொருளைக் கணினியில் நிறுவ வேண்டும்; செயலியின் உழைப்பிலும் ஒரு பகுதி அதற்குப் போகும். எழுத்து வேலைக்குப் போதுமானது. காணொளித் தொகுப்புக்கு ஏற்றதன்று.

இறுதியில் என் மேசையில் நிலைத்த அமைப்பு இது: வலப்பக்கத்துப் போர்ட்டிலிருந்து டைப்-சி முதல் டிஸ்ப்ளேபோர்ட் வரையிலான ஒற்றைக் கேபிள் நேரே மானிட்டருக்குச் செல்கிறது, நான்கு தடங்களும் படத்துக்குக் கிடைப்பதால் 60 ஹெர்ட்ஸ் வந்துவிட்டது. படம் வராத இடப்பக்கத்துப் போர்ட்டில், பழுதென்று ஒதுக்கிவைத்த முதல் ஹப் விசைப்பலகைக்கும் வன்தட்டுக்கும் உதவுகிறது. சார்ஜருக்குத் தனித் துளை இருக்கிறது.

6. விசைப்பலகை, மவுஸ், இணையம், ஒலி

இவற்றில் பெரிய சிக்கல் இல்லை. கம்பியில்லா மவுஸ் தடுமாறினால் மட்டும் ஒன்றைக் கவனியுங்கள்: யூஎஸ்பி 3.0 இணைப்புகள் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சலை எழுப்பக்கூடும் என்பதை இன்டெல் நிறுவனமே 2012-இல் ஓர் அறிக்கையில் விளக்கியிருக்கிறது. மவுஸின் சிறு ரிசீவரை வன்தட்டுக்குப் பக்கத்தில் செருகாமல், சிறிய நீட்டிப்புக் கேபிள் போட்டு மவுஸுக்கு அருகில் கொண்டு வாருங்கள்.

எச்டிஎம்ஐ அல்லது டிஸ்ப்ளேபோர்ட் வழியாக மானிட்டரை இணைத்ததும் ஒலி தானாக மானிட்டருக்குத் திரும்பிவிடலாம். ஒலி வரவில்லை என்று பதறாமல் ஒலி அமைப்புகளில் வெளியீட்டை மாற்றுங்கள்.

7. மூடியை மூடுவதா, திறந்து வைப்பதா?

திறந்து வைக்கவே நான் சொல்வேன். உயரமான தாங்கியில் மானிட்டருக்குப் பக்கத்தில் வைத்தால் இரண்டாவது திரை கிடைக்கும். கேமராவும் மைக்கும் பயன்படும். பல மாடல்களில் விசைப்பலகைப் பரப்பின் வழியாகவும் வெப்பம் வெளியேறுவதால் கணினி குளிர்ச்சியாகவும் இருக்கும். மூடினால் மேசையில் இடம் மிச்சம். ஆனால் தனிக் கேமரா வாங்க வேண்டியிருக்கும். பல மாடல்களில் பவர் பொத்தான் உள்ளே இருப்பதால் ஒவ்வொரு முறையும் மூடியைத் திறக்க வேண்டும்.

மூடித்தான் ஆகவேண்டுமென்றால், விண்டோஸில் கன்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸ் பகுதிக்குச் சென்று, மூடியை மூடும்போது எதுவும் செய்ய வேண்டாம் என்று அமையுங்கள். மின்சாரத்தில் செருகியிருக்கும் நிலைக்கு மட்டும் அப்படி அமைப்பது முக்கியம். பேட்டரியில் ஓடும் நிலைக்கும் அமைத்துவிட்டால், கணினி ஓடிக்கொண்டிருப்பது தெரியாமல் பைக்குள் வைத்து உள்ளேயே சூடேறிவிடும். மேக்கில் சார்ஜர், வெளித்திரை, விசைப்பலகை, மவுஸ் நான்கும் இணைந்திருந்தால் மூடிய நிலையில் வேலை செய்யும்.

செங்குத்துத் தாங்கி வாங்குவதற்கு முன் காற்றுத் துளைகள் எந்தப் பக்கம் இருக்கின்றன என்று பாருங்கள். தாங்கியின் பிடி அவற்றை அடைக்கக் கூடாது.

8. பேட்டரியைக் காப்பாற்றுங்கள்

எந்நேரமும் 100 சதவீதத்தில் நிற்பதும் வெப்பமும் லித்தியம்-அயான் பேட்டரியை விரைவில் முதுமையடையச் செய்யும். மேசைக்கணினியாக்கிய மடிக்கணினியில் இவ்விரண்டும் சேர்ந்தே நிகழ்வதால் முதல் நாளே சார்ஜ் வரம்பை அமைத்துவிடுங்கள். லெனோவோவின் வான்டேஜ், அசூஸின் மைஅசூஸ் போன்ற மென்பொருள்களில் இந்த வசதி உண்டு. வேறு பல நிறுவனங்களின் கணினிகளில் பயாஸ் (கணினியைத் தொடக்கி வைக்கும் அடிப்படை மென்பொருள்) அமைப்புக்குள் இருக்கும். 80 சதவீதத்தில் நிறுத்துவது பொதுவான வழக்கம். வரம்பை அமைத்த பிறகு பேட்டரி 80-ஐத் தாண்டவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். பயணத்துக்கு முந்தைய நாள் மட்டும் வரம்பை நீக்கி முழுமையாகச் சார்ஜ் செய்துகொள்ளலாம்.

டச்பேட் மேலெழும்பினாலோ, அடித்தகடு உப்பினாலோ, மூடி சரியாகப் பொருந்தாமல் போனாலோ பேட்டரி வீங்கியிருக்கிறது என்று பொருள். உடனே அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, சேவை மையத்துக்குக் கொண்டு செல்லுங்கள். அழுத்தியோ குத்தியோ பார்க்கவே கூடாது. மூடியை மூடியே வைத்திருப்பவர்களுக்கு இந்த அறிகுறி கண்ணில் படாமல் போகலாம் என்பதால் மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள்.

மின்தடை வந்தால் மடிக்கணினி ஓடிக்கொண்டிருக்கும். மானிட்டரும் ரூட்டரும் அணைந்துவிடும். ரூட்டருக்கு மட்டும் சிறிய யூபிஎஸ் ஒன்று இருந்தால் மடிக்கணினியின் சொந்தத் திரையிலேயே வேலையைத் தொடரலாம்.

9. செலவையும் நாள்களையும் திட்டமிடுங்கள்

வாங்கும் வரிசை: மானிட்டர், அதற்குரிய கேபிள், விசைப்பலகையும் மவுஸும், தாங்கி, கடைசியாக ஹப். முதலிரண்டில் சிக்கனம் பார்க்காதீர்கள். தாங்கிக்குப் பதில் தடிமனான புத்தகங்களை அடுக்கி, காற்றுத் துளைகளை அடைக்காமல் வைத்துச் சில வாரம் ஓட்டலாம். மானிட்டரை இணைத்த பிறகு மடிக்கணினியின் சொந்தப் போர்ட்களே போதும் என்று தெரிந்தால் ஹப் வாங்க வேண்டியதே இல்லை.

எல்லாவற்றையும் ஒரே நாளில் தருவிக்காதீர்கள். ஒன்றைப் பொருத்திச் சோதித்த பிறகு அடுத்ததை வாங்குங்கள். எத்தனை நாளுக்குள் திருப்பித் தரலாம் என்பதை விற்பவரிடம் முன்பே கேட்டு, அந்தக் கடைசித் தேதியை ரசீதின் மேல் எழுதிவையுங்கள். அதற்குள் பெட்டியையும் உறைகளையும் தூக்கிப் போடாதீர்கள்.

சோதிக்க வேண்டியவை இவை. விண்டோஸின் காட்சி அமைப்புகளில் மேம்பட்ட காட்சி என்ற பகுதிக்குச் சென்று 60 ஹெர்ட்ஸ் வருகிறதா என்று பாருங்கள். ஒரு மணி நேரம் காணொளி அழைப்பில் இருந்து, பேட்டரி குறைகிறதா என்று கவனியுங்கள். கணினியை உறங்கவிட்டு எழுப்பி, மானிட்டரும் விசைப்பலகையும் தாமாகத் திரும்பி வருகின்றனவா என்று பாருங்கள். இதை ஒரு நாளில் நான்கைந்து முறை செய்யுங்கள். வெளி வன்தட்டுக்குப் பெரிய கோப்பு ஒன்றை நகலெடுக்கும்போது திரை மின்னுகிறதா என்றும் பாருங்கள். இவற்றில் ஒன்று தவறினால் முதலில் வேறு போர்ட்டில் செருகிப் பாருங்கள். அடுத்து வேறு கேபிளைப் போடுங்கள். அதன் பிறகு கணினியின் பயாஸையும் ஹப்பின் ஃபர்ம்வேரையும் (அதனுள்ளேயே இருக்கும் மென்பொருள்) புதுப்பியுங்கள். இம்மூன்றும் பலிக்காதபோதுதான் பொருளைத் திருப்பி அனுப்ப வேண்டும்.